பாலத்தடியில் படகுக் கூரை இடித்துவிட்டது: இடைவெளியை எப்படிக் கணிப்பது?

தூண்டில்காரன் (நிபோங் திபால்)
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு வழி சொல்லுங்கள்.

என்னிடம் 18 அடி ஃபைபர் போட் இருக்கிறது, 15 எச்பி எஞ்சின். கிரியான் ஆற்றில்தான் தூண்டில் போடுவேன். வெயில் தாங்க முடியவில்லை என்று போன மாதம் பைப் வளைத்து, மேலே கேன்வாஸ் போட்டுக் கூரை கட்டினேன். ஆற்றிலிருந்து ஒரு கிளை பிரிந்து செம்பனைத் தோட்டத்துக்குள் போகிறது. வாயிலிருந்து கொஞ்ச தூரத்தில் தோட்டத்து லோரிகள் போகும் சின்னப் பாலம். அதற்கு உள்ளேதான் ஊடாங் காலா (பெரிய ஆற்று ரால்) நன்றாகக் கிடைக்கும்.

நேற்றுக் காலை ஏழரைக்கு நாலு பேர் அந்தப் பாலத்தைத் தாண்டி உள்ளே போனோம். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. மண் தட்டாமலிருக்க எஞ்சினைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டுதான் போனோம். பாலம் எங்கோ உயரத்தில் இருந்தது, கம்பை நீட்டினாலும் எட்டாது. இரண்டு பேர் உள்ளேயே கம்பத்துப் (கிராமத்துப்) பக்கம் இறங்கிவிட்டார்கள். நாங்கள் இருவர் பன்னிரண்டு மணிக்குத் திரும்பினோம். பாலம் தாழ்ந்து தெரிந்தது, இருந்தாலும் போய்விடலாம் என்று தோன்றியது. கூரையின் முன்பக்கம் சிமெண்ட் சட்டத்துக்கு அடியில் நுழைந்தும்விட்டது. அப்புறம் ‘டங்’ என்று ஒரு சத்தம். முன் கம்பி வளைந்து கேன்வாஸ் ஒரு முழம் கிழிந்தது. மேலேயிருந்து சிலந்தி வலையும் வௌவால் எச்சமும் தலையில் கொட்டின.

பின்னால் இழுத்து, செம்பனை மட்டைகளுக்கு நடுவில் கயிறு கட்டி உட்கார்ந்தோம். வெளியே வரும்போது கிட்டத்தட்ட நாலு மணி. மதியச் சாப்பாட்டை வீட்டில் எனக்காக மூடி வைத்திருந்தார்கள், பேச்சு மட்டும் மூடவில்லை.

இரண்டு பேர் இறங்கியதால் படகு இலேசாகி மேலே வந்துவிட்டது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சரியா?


ஒட்டுக்கடை
ஞாயிறு, இரவு 9.58

அண்ணே, காரணம் கிடக்கட்டும். ரால் எத்தனை கிலோ?


தூண்டில்காரன்
ஞாயிறு, இரவு 10.03

ஒன்றரை. இறங்கியவர்கள் ஒரு கிலோ கொண்டுபோய்விட்டார்கள்.


கணக்கு வாத்தியார் (பந்திங்)
ஞாயிறு, இரவு 10.31

எடை ஒரு காரணம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. போட்டுப் பார்த்துவிடலாம்.

18 அடி என்றால் ஐந்தரை மீட்டர். அகலம் 1.4 மீட்டர் இருக்கும். மூக்கு கூர்மையாக இருப்பதால் நீரைத் தொடும் பரப்பில் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டால் 5.8 சதுர மீட்டர். அந்தப் பரப்பை ஒரு சென்டிமீட்டர் கீழே அழுத்த 58 லிட்டர் நீரை விலக்க வேண்டும், அதாவது 58 கிலோ. இரண்டு பேர் 140 கிலோ என்றால் இரண்டரை சென்டிமீட்டர்கூட வராது. ஒன்றரை விரற்கடை. அதற்காகக் கம்பி வளையாது.

வளைத்தது கடல் ஏற்றம். நேற்று அமாவாசை போய் இரண்டாம் நாள். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளில்தான் பாசாங் (உச்சி ஏற்றம்) மிக உயரமாகவும் சுருட் (அடிவற்றம்) மிகத் தாழ்வாகவும் இருக்கும். பினாங்கில் அந்த நாட்களில் இரண்டுக்கும் சுமார் 2 மீட்டர் வித்தியாசம். கிள்ளான் துறைமுகத்தில் 4 மீட்டருக்கும் மேல் போகும். லங்காட் ஆற்றங்கரைக்காரன் நான், எங்கள் ஊரில் உங்கள் தப்பைச் செய்தால் கூரையோடு நிற்காது.

ஆறு மணி நேரத்தில் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வையுங்கள். முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. காலையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ‘மெதுவாகத்தான் ஏறுகிறது’ என்று நம்பி உள்ளே போகிறவர்கள் மூன்றாம் மணியில்தான் மாட்டுவார்கள். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி ஏறிவிடும்.

ஒரு கேள்வி. கூரை எவ்வளவு உயரம், எங்கிருந்து அளந்தீர்கள்?


தூண்டில்காரன்
ஞாயிறு, இரவு 10.44

185 சென்டிமீட்டர் சார். போட்டின் தரையிலிருந்து. வீட்டு வாசலில் டிரெய்லரில் இருக்கும்போது அளந்தது.


கணக்கு வாத்தியார்
ஞாயிறு, இரவு 10.52

நினைத்தேன். பாலத்துக்கு உங்கள் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது, நீர்மட்டம்தான் தெரியும். போட்டைத் தண்ணீரில் இறக்கி, நீங்கள் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, எண்ணெய் குறைவாக இருக்கும்போது, நீர்க்கோட்டிலிருந்து கூரையின் உச்சிவரை அளங்கள். உச்சி என்றால் துணி இல்லை. துணிக்கு மேலே நிற்கும் ஆன்டெனா, விளக்கு, கம்பி முனை, எது மிக உயரமோ அது. ஆள் ஏற ஏற அந்த எண் குறையுமே தவிர அதிகமாகாது. அதனால்தான் இலேசாக இருக்கும்போது அளக்கச் சொல்கிறேன்.


பழைய மண்டோர்
திங்கள், காலை 6.12

தம்பி, வாத்தியார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஆற்றில் காகிதத்தை எடுத்து வைத்துக் கணக்குப் போட முடியாது. எனக்கு எழுபத்தொரு வயது. அந்தக் கிளை எனக்குத் தெரியும், தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் அதில் சம்பனில் (சின்னத் துடுப்புப் படகில்) போயிருக்கிறேன். அப்போது பாலம் மரப்பலகை.

பாலத்துத் தூணைப் பாருங்கள். கீழே கொட்டலசு (சின்னச் சிப்பி மாதிரி சொரசொரப்பாக இருப்பது) ஒட்டியிருக்கும். அதற்கு மேல் பச்சைப் பாசி, அதற்கு மேல் மண் படிந்த கறை. பாசி முடிகிற இடம்வரை தண்ணீர் தினமும் வரும். கறை முடிகிற இடம்வரை பெரிய பாசாங்கில் வரும். கறையிலிருந்து பாலத்து வயிறுவரை எவ்வளவு இருக்கிறதோ அதுதான் பெரிய நாளில் உனக்குக் கிடைக்கும் வழி. காலையில் போகும்போதே தலையைத் தூக்கி அந்தக் கறையைப் பார்த்திருந்தால் உள்ளே போயிருக்க மாட்டாய். தண்ணீர் மறுபடி அங்கே வரத்தான் போகிறது.

இன்னொன்று, நம் ஜெட்டியில் (படகுத்துறையில்) படி இருக்கிறது. மேலேயிருந்து மூன்றாம் படி நனைந்துவிட்டால் கூரை போட்ட படகு அந்தப் பாலத்துக்குள் போகாது. நாங்கள் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தோம்.


செம்பனை லோரி
திங்கள், காலை 7.05

மண்டோர் ஐயா சொல்லும் பாலம் எது என்று தெரிகிறது. நான் அதன் மேலே வாரம் நாலு தடவை போகிறேன். அண்ணே, நீங்கள் இடித்தது சிமெண்டில் இல்லை. பாலத்தின் ஆற்று வாய்ப் பக்கம் கீழே ஒரு தண்ணீர்க் குழாய் தொங்குகிறது, இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள். தோட்டத்து உள்பக்கமிருந்து வந்தால் சட்டம் மறைத்துவிடும். பழைய பாலம் ஒவ்வொன்றிலும் பிற்பாடு ஏதாவது ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள்.

எங்களுக்கும் இதே கதைதான். உயர வரம்புப் பலகையில் ஒரு எண் இருக்கும். பலகை வைத்த பிறகு கீழே இரண்டு தடவை தார் போட்டிருப்பார்கள். எண் மாறாது, ரோடுதான் உயர்ந்திருக்கும்.


தூண்டில்காரன்
திங்கள், காலை 7.20

குழாயா! நான் பார்க்கவே இல்லை. அதனால்தான் முன்பக்கம் நுழைந்த பிறகு இடித்தது. பாலத்தை அளக்கப்போனால் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும் போல.


மின்மினி படகு
திங்கள், மதியம் 1.15

இரவில் மின்மினி பார்க்க ஆட்களை ஏற்றிப் போகிறவன் நான். எங்கள் படகுக்கு நிரந்தரக் கூரை, இருட்டு வேறு. பாலத்தடி எங்களுக்கு விளையாட்டு இல்லை. நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

பாலத்துக்கு முப்பது நாற்பது அடி முன்னாலேயே படகை நிறுத்துங்கள். பெஞ்சில் ஏறியோ குனிந்தோ உங்கள் கண்ணைக் கூரை உச்சியின் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இது முக்கியம். எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கண் கூரைக்குக் கீழே இருக்கும், பார்வை மேல் நோக்கிப் போகும். அப்போது எந்தப் பாலமும் இடிக்கப்போவது போலத்தான் தெரியும். நாலு தடவை இடிக்காமல் போய்விட்டால் ‘இது எப்போதும் இப்படித்தான் தெரியும்’ என்று பழகிவிடுவோம். ஐந்தாவது தடவை நிஜமாகவே இடிக்கும்.

கண்ணைக் கூரை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். பாலத்தின் அடிப்பக்கம், அதாவது வயிறு, கொஞ்சமாவது தெரிந்தால் நீங்கள் அதற்குக் கீழே இருக்கிறீர்கள். முன் முகம் மட்டும் தெரிந்து வயிறு தெரியாவிட்டால் சமமாகவோ மேலேயோ இருக்கிறீர்கள், போகாதீர்கள். குழாய்க்கும் இதுதான். குழாயின் முதுகு தெரிந்தால் நில், வயிறு தெரிந்தால் போ. என் பையனுக்கு இந்த ஒரு வரிதான் சொல்லிக் கொடுத்தேன்.

சந்தேகம் என்றால் பாதி தண்ணீர் உள்ள மினரல் பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் நீர்மட்டம் வழியாகப் பாருங்கள், பார்வை மட்டமாகப் போகும். படகு ஆடினால் ஆடும்தான், ஆனாலும் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்ப்பதைவிட நல்லது.

அப்புறம், திராட்டல் கொடுத்தீர்களா?


தூண்டில்காரன்
திங்கள், மதியம் 1.32

கொடுத்தேன். தண்ணீர் உள்ளே தள்ளிக்கொண்டு இருந்தது, எதிர்த்து வர வேண்டுமே.


மின்மினி படகு
திங்கள், மதியம் 1.40

அங்கேதான் இன்னொரு சாண் போயிருக்கிறது. எஞ்சினை முறுக்கினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். கூரையின் முன் விளிம்பும் கூடவே எழும். பாலத்துக்குள் நுழையும்போது படகு தண்ணீரில் படுத்த மாதிரி இருக்க வேண்டும், நடை வேகம் போதும். இரண்டாவது ஆளை மூக்குப் பக்கம் உட்காரச் சொல்லியிருக்கலாம்.


பழைய மண்டோர்
திங்கள், மாலை 5.50

ஆள் மூக்கில் உட்காரலாம், கையை மட்டும் மேலே நீட்டக்கூடாது. எல்லோரும் செய்யும் தப்பு அது. இடிக்கப்போகிறது என்றதும் கையால் பாலத்தைத் தள்ளப் பார்ப்பார்கள். ஆள் தள்ளி நிற்கிற எடையா படகு? கூரைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் விரல் மாட்டிய ஒருவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறேன். இரண்டு விரல் போயிற்று. தள்ளுவதாக இருந்தால் கம்பு வையுங்கள்.

வற்றும்போது போவதுதான் நல்லது என்பதையும் எழுதிவிடுகிறேன். வற்றும் தண்ணீரில் மாட்டினால் பத்து நிமிஷத்தில் தண்ணீரே விட்டுவிடும். ஏறும் தண்ணீரில் மாட்டினால் தண்ணீரே நசுக்கும்.


மின்மினி படகு
திங்கள், இரவு 8.05

ஐயா, மன்னிக்கணும், இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. வற்றும்போது ஆற்று வாயை நோக்கி வந்தால் நீரோட்டம் முதுகில் தள்ளும். பாலத்துக்கு முன்னால் நிறுத்த நினைத்தாலும் நிற்காது. பின்கியர் போட்டால் பின்பக்கம் வளைந்து படகு குறுக்காகத் திரும்பி, தூணில் போய் அணையும். நீரோட்டத்தை எதிர்த்து வந்தால்தான் படகு கையில் இருக்கும், கியரை எடுத்தாலே நின்றுவிடும். தூண்டில்காரர் பின்னால் வர முடிந்ததே ஏற்றம் எதிரில் இருந்ததால்தான். தண்ணீர் அவரைப் பாலத்துக்குள்ளிருந்து வெளியே தள்ளிக்கொடுத்தது.


பழைய மண்டோர்
திங்கள், இரவு 8.30

நீ சொல்வது எஞ்சின் வைத்தவன் கணக்கு. நாங்கள் துடுப்புக்காரர்கள். சரி, இரண்டையும் சேர்த்தே சொல்லு. வற்றும்போது உள்ளே போ. தண்ணீர் எதிரே வரும், மாட்டினாலும் இறங்கும். வெளியே வருவதற்கு?


மின்மினி படகு
திங்கள், இரவு 8.41

வெளியே வருவதுதான் தலைவலி ஐயா. வற்றும்போது வந்தால் ஓட்டம் தள்ளும். ஏறும்போது வந்தால் இடைவெளி சுருங்கிக்கொண்டே இருக்கும். நான் அடிவற்றத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கிறதே, அந்த இருபது நிமிஷத்தில் வருவேன். ஆழம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தவறவிட்டால் ஏற்றத்தின் முதல் மணி, அதற்குமேல் இல்லை.


ஒட்டுக்கடை
திங்கள், இரவு 8.44

ஆக மொத்தம் ரால் பிடிக்க அமாவாசை பார்த்துப் போக வேண்டும். என் பாட்டி சொன்னால் மூடநம்பிக்கை, வாத்தியார் சொன்னால் அறிவியல்.


ஊர்ப்பெண் (இங்கிலாந்து)
செவ்வாய், அதிகாலை 3.20

நேரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இங்கே திங்கள் மாலைதான். நான் பிறந்தது நிபோங் திபாலில், லயத்து வீட்டில். இந்த இழை கண்ணில் பட்டதும் எழுதாமலிருக்க முடியவில்லை. போன கோடையில் இங்கே வாடகைக்கு நாரோபோட் (ஒடுங்கலான நீளப் படகு) எடுத்து ஒரு வாரம் கால்வாயில் சுற்றினோம். நீங்கள் சொல்லும் தொல்லை இங்கேயும் உண்டு, ஆனால் வேறு மாதிரி.

இந்தக் கால்வாய்களில் ஏற்ற வற்றம் இல்லை. மதகு வைத்துத் தண்ணீரை ஒரு மட்டத்தில் நிறுத்துகிறார்கள். மழை பெய்தாலோ, மதகை அடிக்கடி திறந்தாலோ சில அங்குலம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் பால உயரத்தைக் கொஞ்சம் நம்பலாம். ஆனால் இங்கே பாலம் தட்டையாக இல்லை, வளைவு. உயரம் என்று சொல்வது வளைவின் உச்சிக்கு. படகின் கூரையோ பெட்டி மாதிரி சதுரம். நடுவில் இடம் இருந்தாலும் கூரையின் ஓரம் கல்லில் உரசும். அதிலும் ஒரு சூழ்ச்சி. குதிரை இழுத்த காலத்து நடைபாதை ஒரு பக்கம் பாலத்துக்கு அடியிலேயே போகிறது. அதனால் தண்ணீரின் நடுவும் வளைவின் நடுவும் ஒன்றாக இருக்காது. தண்ணீருக்கு நடுவில் சரியாகப் போகிறேன் என்று நான் பெருமையாக ஓட்டினேன். மேலே வைத்திருந்த பூந்தொட்டியைக் கல் தட்டிவிட்டது. வாடகைக்காரரின் தொட்டி.

ஹேர்காசில் என்று ஒரு சுரங்கம், டிரென்ட் மெர்சி கால்வாயில். இப்போது படகு போவது 1827இல் திறந்த சுரங்கம், இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். நிலம் உள்வாங்கிக் கூரை ஓரிடத்தில் தாழ்ந்துவிட்டது. வாயிலிலேயே உயரம் பார்க்க அளவுகோல் வைத்திருக்கிறார்கள். புகைபோக்கி, சைக்கிள் எல்லாவற்றையும் கீழே இறக்கச் சொன்னார்கள். ஓட்டுபவர் பின்னால் நின்றுகொண்டு ஓட்ட வேண்டும், ஆக படகில் மிக உயரமான பொருள் அவர் தலைதான். என் கணவர் ஆறடி. பாதி தூரம் முழங்காலை மடக்கிக்கொண்டே வந்தார்.

தேம்ஸ் மாதிரி ஆற்றில் போனால் உங்கள் கதைதான், மழைக்கு மட்டம் மாறும். ஆக்ஸ்ஃபோர்டில் ஆஸ்னி பாலம் ஏழரை அடி என்று குறித்திருக்கிறது. பெரிய கூரைப் படகுகள் பல அங்கேயே திரும்பிவிடுகின்றன. நார்ஃபோக்கில் பாட்டர் ஹைகம் என்ற இடைக்காலக் கல்பாலத்தில் வாடகைப் படகை நாமே ஓட்டக்கூடாது. அங்கே ஏற்ற வற்றம் உண்டு. தண்ணீருக்குள் ஒரு பலகை நிற்கும், அதில் உள்ள எண் ஆழம் இல்லை, அந்த நிமிஷத்தில் பாலத்துக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான். தண்ணீர் ஏற ஏற எண் குறையும். எனக்கு மிகவும் பிடித்த பலகை அது.


கணக்கு வாத்தியார்
செவ்வாய், காலை 6.40

ஊர்ப்பெண்ணே, அந்தப் பலகைதான் தூண்டில்காரருக்கு வேண்டியது. தலைகீழ் அளவுகோல். நம் ஊரில் ஆற்றுப் பாலத்துத் தூணில் ஜேபிஎஸ் (நீர்ப்பாசன, வடிகால் இலாகா) வைத்திருக்கும் பலகை நேர்மாறு, நீர்மட்டத்தைக் காட்டும். அவர்களுடைய வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தில் வரும் எண்ணும் அப்படித்தான். அது ஒரு பொது மட்டத்திலிருந்து கணக்கிட்டது. ‘2.1’ என்று இருந்தால் ஆழம் 2.1 மீட்டர் என்று நினைக்க வேண்டாம், பாலத்துக்கு அடியில் 2.1 இருக்கிறது என்று நிச்சயமாக நினைக்க வேண்டாம்.

தூண்டில்காரரே, நீங்களே ஒரு எண் செய்துகொள்ளலாம். ஒரு நாள் பாலத்தின் மேலே நின்று, டேப்பின் முனையில் ஒரு நட்டைக் கட்டி நீர்மட்டம்வரை விடுங்கள். அங்கிருந்து குழாயின் அடிவரை எவ்வளவு என்று குறியுங்கள். அதே நேரத்தில் பினாங்கு அட்டவணையில் ஏற்றம் எவ்வளவு என்று பாருங்கள். கடற்படையின் நீர்வரைவு மையம் வெளியிடும் அட்டவணைதான், கைப்பேசியிலும் கிடைக்கும். இரண்டையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை மாறாது. பிற்பாடு எந்த நாளிலும் அதிலிருந்து அன்றைய ஏற்றத்தைக் கழித்தால் இடைவெளி வந்துவிடும்.

ஆனால் ஆற்றுக்குள் ஏற்றம் தாமதமாக வரும். அதனால் ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு விடாதீர்கள். ஏறும்போது ஒன்று, வற்றும்போது ஒன்று. கூட்டுத்தொகை வித்தியாசப்பட்டால் சின்ன எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.


செம்பனை லோரி
செவ்வாய், இரவு 9.10

இத்தனை கணக்குக்கு ஒரு கம்பு போதும் என்பது என் கட்சி. உயரமான லோரிகளைத் தடுக்க முன்னாலேயே ஒரு கம்பி கட்டித் தொங்கவிடுவார்களே, அது மாதிரி. படகின் மூக்கில் ஒரு பிவிசி பைப்பை நிறுத்தி, கூரை உச்சியைவிட ஒரு சாண் உயரமாக வெட்டி, அடியில் சைக்கிள் டியூபால் கட்டிவிடுங்கள். பைப் தட்டினால் மடங்கும், நீங்கள் நிறுத்துவீர்கள்.


மின்மினி படகு
செவ்வாய், இரவு 9.26

நல்ல யோசனைதான், நடை வேகத்தில் வந்தால். கொஞ்சம் வேகமாக வந்தால் பைப் தட்டும்போதே கூரையும் தட்டும். மூக்குக்கும் கூரைக்கும் நடுவில் ஆறு அடிதான் இருக்கும்.


நெறியாளர்
புதன், காலை 8.00

ரால் விலை பற்றி வந்த ஒன்பது பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பாலம் மட்டும்.


தூண்டில்காரன்
ஞாயிறு, இரவு 8.15

அளந்துவிட்டேன். இரண்டு நாள், இரண்டு தடவை. மனைவி ரோட்டில் நின்று லோரி வருகிறதா என்று பார்த்தார், நான் பாலத்தில் படுத்து டேப்பை விட்டேன்.

முதல் தடவை: குழாய்க்கு அடியில் 275 சென்டிமீட்டர், அட்டவணையில் ஏற்றம் 145. மொத்தம் 420. இரண்டாம் தடவை: 220, அட்டவணை 195. மொத்தம் 415. வாத்தியார் சொன்னபடி சின்னது, 415. சிமெண்ட் சட்டம் குழாயைவிட 30 உயரம்.

போட்டைத் தண்ணீரில் இறக்கி நான் மட்டும் உட்கார்ந்து அளந்தால் கூரை உச்சி 193. தரையிலிருந்து அளந்த 185ஐ நம்பி இத்தனை நாள் சுற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு அட்டவணைப்படி அடிவற்றம் காலை 7.15க்கு 0.6 மீட்டர், உச்சி மதியம் 1.15க்கு 2.7 மீட்டர்.


கணக்கு வாத்தியார்
ஞாயிறு, இரவு 8.50

அருமை. இப்போது அந்த மதியத்தைத் திரும்பிப் பார்க்கலாம்.

ஏற்றம் மொத்தம் 210 சென்டிமீட்டர், ஒரு பங்கு 17.5. பன்னிரண்டு மணிக்குள் நாலே முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. நாலு மணியில் ஒன்பது பங்கு, 157. ஐந்தாம் மணியின் முக்கால் பாகம் 26. ஆக 183 ஏறி, நீர் 243இல் நின்றிருக்கும். ஆற்றின் தாமதத்துக்கு ஐந்து பத்து முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு அடியில் 445 கழித்தல் 243, அதாவது 202. உங்கள் கூரை 193. ஒன்பது சென்டிமீட்டர் மிச்சம், அதனால் உள்ளே நுழைந்தீர்கள். குழாய்க்கு அடியில் 172. அங்கே 21 சென்டிமீட்டர் போதவில்லை. இறங்கிய இரண்டு பேரை விட்டுவிடுங்கள், பாவம்.

பாலத்துக்குள் நின்று ‘என்ன ஆச்சு’ என்று பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் கழித்திருந்தால் நீர் 270 வரை போயிருக்கும். அப்போது சட்டத்துக்கு அடியில் 175தான். மண்டோர் ஐயா ‘தண்ணீரே நசுக்கும்’ என்றது அதைத்தான். உடனே பின்னால் வந்தது நல்ல முடிவு.

இனிமேல்: கூரை 193, அலைக்கும் மூக்கு தூக்கலுக்கும் ஒரு 20 சேர்த்து 213. 415இலிருந்து 213 போனால் 202. அட்டவணையில் 2.0க்கு மேல் இருக்கும் நேரத்தில் அந்தப் பாலத்தடியில் கூரையோடு போக வேண்டாம்.


தூண்டில்காரன்
ஞாயிறு, இரவு 9.05

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாம் தடவை அளந்து முடித்து நேராக ஜெட்டிக்குப் போனேன். அட்டவணையில் 2.0 என்று இருந்த நேரம். மேலேயிருந்து மூன்றாம் படியில் தண்ணீர் அப்போதுதான் ஏறிக்கொண்டு இருந்தது.

மண்டோர் ஐயா, கும்பிடுகிறேன்.


பழைய மண்டோர்
திங்கள், காலை 6.05

கும்பிடு கிடக்கட்டும். நான் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். படி பொய் சொல்லும் நாளும் உண்டு. செலாமாப் பக்கம் மலையில் நல்ல மழை பெய்தால் மேலேயிருந்து வெள்ளம் இறங்கும். ஜெட்டி கடலுக்குக் கிட்டே, வெள்ளம் அங்கே பரவிவிடும், மூன்றாம் படி காய்ந்தே இருக்கும். கிளைக்குள் மட்டும் தண்ணீர் நிற்கும். தோட்டத்துக்காரன் மதகை அடைத்து வைத்திருந்து திறந்துவிட்டாலும் அப்படித்தான். அன்றைக்கு உன் 415உம் உதவாது, என் படியும் உதவாது. தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் சுழித்துக்கொண்டு, மட்டையும் குப்பையும் அடித்து வந்தால் பாலத்துக்கு வெளியிலேயே தூண்டிலைப் போடு.


மின்மினி படகு
திங்கள், காலை 7.30

ஐயா சொன்னதற்கு மேலே எதுவும் இல்லை. அந்த மாதிரி நாளில் நான் முதுகு வயிறு பார்த்துத்தான் போவேன், இல்லாவிட்டால் திரும்பிவிடுவேன். ஆட்கள் முனகுவார்கள், காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.


தூண்டில்காரன்
வியாழன், இரவு 9.20

கூரையை மாற்றிவிட்டேன். பட்டறையில் சொல்லி நாலு கால்களையும் இடுப்பு உயரத்தில் அறுத்து, கீல் வைத்து மடக்கும்படி செய்தாயிற்று. இரண்டு ஆணியை உருவினால் கூரை பின்னால் சாய்ந்து படுத்துவிடும். மடக்கினால் நீர்க்கோட்டிலிருந்து 110தான். மூக்கில் பிவிசி பைப்பும் உண்டு, லோரி தம்பிக்காக.

சனிக்கிழமை அடிவற்றம் காலை எட்டரை மணிப் பக்கம். ஏழு மணிக்கு ஜெட்டி. இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, ஐஸ் பெட்டி நான் கொண்டு வருகிறேன்.


ஒட்டுக்கடை
வியாழன், இரவு 9.22

நான் வருகிறேன் அண்ணே. 95 கிலோ. ஒன்றரை சென்டிமீட்டர் உபயம்.